லாடத் தேர்வுக்குப் பயிற்சி: உலைக்கு முன்னாலா, குதிரைக்குப் பக்கத்திலா?

லாடம் அடிப்பவர்களுக்கான சான்றிதழ்த் தேர்வுக்குப் பெயர் கொடுத்த எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். கையில் ஆறு மாதம் இருக்கிறது. பிழைப்பு போக மிஞ்சும் நேரத்தில் உலையை மூட்டி இரும்பை அடித்துப் பழகுவதா, இல்லை கூடுதலாக நாலு குதிரைகளின் காலைத் தூக்குவதா? நான் இரண்டு வழியிலும் பழகியிருக்கிறேன். இரண்டுக்கும் சம மதிப்பெண் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தேர்வு என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம். அமெரிக்க லாடக்காரர் சங்கத்தின் ஜர்னிமேன் (தேர்ந்த தொழிலாளி) நிலைத் தேர்வில் 2 மணி நேரத்துக்குள் நான்கு குளம்புகளையும் சீர்செய்து, இரும்புப் பட்டையிலிருந்து கையாலேயே நான்கு லாடங்கள் செய்து, ஆணியடித்து முடிக்க வேண்டும். அதாவது ஒரு காலுக்கு 30 நிமிடம். இது போக எழுத்துத் தேர்வு உண்டு. கொடுத்த மாதிரிக்குப் பொருந்துகிறபடி, குதிப்பக்கம் (குதிகால் பக்கம்) மூடிய லாடம் ஒன்றை 35 நிமிடத்தில் செய்யும் சோதனையும் உண்டு. அங்கே பந்தயத் திடல்களை விட்டுவிட்டால் பொதுவாக இந்தத் தொழிலுக்கு உரிமம் கட்டாயமில்லை. அதனால் பெரும்பாலானோர் தாங்களாகவே தயாராகிறார்கள். பிரிட்டனில் கதை வேறு. 1975-இல் வந்த சட்டப்படி, பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பதே குற்றம். சுமார் நான்கு ஆண்டுகள் அங்கீகாரம் பெற்ற ஒருவரிடம் தொழில் பழகிய பிறகுதான் தேர்வு. அங்கே குருவின் கண் தினமும் மேலே இருக்கும். நான் இங்கே எழுதுவது முக்கியமாக, தனியே தயாராகிறவர்களுக்கு.

உலை வழியின் பலம் வெளிப்படையானது. தினசரி வேலையில் நம்மில் பலர் தொழிற்சாலை லாடத்தைத்தான் வளைத்துப் பொருத்துகிறோம். வெறும் பட்டையை எடுத்து, அளந்து வெட்டி, முன்முனையை வளைத்து, ஆணித்தலை உட்காரும் பள்ளம் இழுத்து, துளை போடுவது வேறு திறமை. வாரக்கணக்கில் தொடாவிட்டால் கை மறந்துபோகும். ஒரு லாடத்துக்கு ஒரு சூடு, அதாவது உலையில் ஒரு முறை காய்ச்சுவது, கூடுதலாகத் தேவைப்பட்டால்கூட நான்கு லாடத்துக்கு நான்கு சூடு. சூட்டுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் 8 நிமிடம் போய்விட்டது. சிவப்பு மங்கிய பிறகும் அடித்துக்கொண்டே இருப்பவரை எந்தத் தேர்வாளரும் உடனே கண்டுபிடித்துவிடுவார். இரும்பு நகராது, தழும்புதான் விழும்.

ஆணித்துளை விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உலையும் குதிரையும் சந்திக்கும் இடம் அதுதான். குளம்புச் சுவர் முன்முனையில் தடிப்பாகவும், குதிப்பக்கம் போகப்போக மெல்லிசாகவும் இருக்கும். அதனால் துளையும் முன்பக்கம் சற்று உள்ளே, பின்னால் வர வர விளிம்புக்கு அருகே வர வேண்டும். உள்ளே தள்ளிப்போனால் ஆணி சதைப் பக்கம் ஏறும். விளிம்பை ஒட்டிவிட்டால் சுவர் பிய்ந்துவிடும். உலைக்கு முன்னால் மட்டும் பழகியவர் எல்லாத் துளைகளையும் ஒரே கோட்டில் அழகாக வரிசையாகப் போடுவார். மேசை மேல் வைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். குதிரைக்கு அது வலி.

சரி, குதிரை வழி. இதில் கிடைப்பது கண். குதிரை சமதரையில் நிற்கும்போது கால் எப்படி இறங்குகிறது, நடக்கும்போது எந்தப் பக்கம் முதலில் தரையைத் தொடுகிறது, முன்னங்கால் குளம்பு வட்டமாகவும் பின்னங்கால் குளம்பு சற்றுக் கூராகவும் இருப்பது, குளம்பின் அகலமான இடத்துக்குப் பின்னால் லாடம் எவ்வளவு வெளியே தெரிய வேண்டும் என்பது, இவையெல்லாம் உயிருள்ள கால்களை நூற்றுக்கணக்கில் தூக்கித்தான் வரும். முதுகும் தொடையும் அந்த நிலையில் தாங்கிப் பழகுவதும் அப்படித்தான். ஆனால் இந்த வழியில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அவசர வேலையில் நாம் பிழைகளைப் பழக்கமாக்கிக்கொள்கிறோம். லாடம் கொஞ்சம் சின்னதாக இருந்தால் அதை மறுபடி சூடாக்காமல், குளம்பின் முன்முனையை அரத்தால் தேய்த்துப் பொருத்திவிடுகிறோம். குளம்புக்கு லாடம் என்பது போய் லாடத்துக்குக் குளம்பு என்றாகிவிடுகிறது. குதிரைக்காரர் கவனிக்க மாட்டார், பணம் கொடுத்துவிடுவார். தேர்வாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார். நானும் இதைச் செய்துகொண்டிருந்தேன். என் வேலையை வேறொருவர் படமெடுத்துக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பலர் அதை ஒதுக்குகிறார்கள், எனக்கு அது மிகவும் பிடித்தது: இறந்த குதிரையின் கால்களில் பழகுவது. உயிருள்ள குதிரையில் ஆணி சரியாகப் போனதா என்பதை வெளியே வரும் இடத்தையும் சத்தத்தையும் வைத்துத்தான் ஊகிக்க முடியும். இங்கே அடித்துவிட்டு அறுத்துப் பார்க்கலாம். ஆணி வெள்ளைக்கோட்டுக்கு (குளம்புச் சுவரும் அடிப்பாகமும் சேரும் கோடு) வெளியே போயிருக்கிறதா, எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பது கண்முன் தெரியும். எழுத்துத் தேர்வுக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது. புத்தகத்தில் பத்து முறை படித்தும் நிற்காத ஆழ்மடக்கித் தசைநாண் (காலை மடக்கும் தசையின் நாண்), நேவிகுலர் என்ற குளம்புக்குள் இருக்கும் சிறு எலும்புக்குப் பின்னால் வழுக்கிப்போய்க் குளம்பெலும்பின் அடியில் ஒட்டுவதை ஒரு முறை கையால் தொட்டுவிட்டால் மறக்காது. குறை என்னவென்றால், அந்தக் கால் நம் மேல் சாயாது, இழுத்துக்கொள்ளாது, எடை தாங்கி நிற்காது. சமநிலை பழக அது உதவாது.

நிலக்கரி உலையா, எரிவாயு உலையா என்றும் கேட்கிறார்கள். நிலக்கரியில் வேண்டிய இடத்தை மட்டும் சூடாக்கலாம், ஆனால் தீயைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். எரிவாயுவில் இரண்டு லாடங்களை ஒன்றாக உள்ளே வைக்கலாம். நேரத் தேர்வுக்கு நான் எரிவாயு பக்கம். எதுவானாலும் பழகியதையே தேர்வுக்கும் கொண்டுபோங்கள்.

அப்புறம், எது சிறந்தது என்று கேட்டால் என் பதில் உங்கள் பிழைப்பைப் பொறுத்தது. தினமும் ஐந்தாறு குதிரை பார்க்கிறவருக்குக் கூடுதல் குதிரை எதையும் கற்றுத்தராது. அவர் மாலையில் ஒரு மணி நேரம் உலையை மூட்டட்டும், வாரம் ஒரு இறந்த காலை அறுத்துப் பார்க்கட்டும். கொல்லுப்பட்டறையிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர் நேர்மாறு. அவர் சம்மட்டியை வைத்துவிட்டு, அனுபவமுள்ள ஒருவருடன் போய் அவர் ஒரு காலைப் பார்த்து என்ன முடிவு எடுக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்கட்டும். இருவருக்கும் கடைசி ஆறு வாரம் ஒன்றுதான்: வாரம் ஒரு முறை கடிகாரம் வைத்து முழுத் தேர்வு. குதிரையை நிறுத்துவது முதல் கடைசி ஆணியின் நுனியை மடக்கி அரம் போடுவது வரை, இடையில் நிறுத்தக் கூடாது.

அந்த ஒத்திகைகளில் ஒவ்வொரு காலும் முடிந்த நேரத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் குறித்துவையுங்கள். என் குறிப்புகளில் மூன்றாவது கால்தான் எப்போதும் தாமதம். இரும்பில் தவறே இல்லை, குனிந்த முதுகுதான் அங்கே சோர்ந்தது. அது தெரிந்த பிறகு மூன்றாவது காலுக்கு முன்னால் அரை நிமிடம் நிமிர்ந்து நின்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன். மொத்தத்தில் 6 நிமிடம் மிச்சமானது.