அகோயா என்று சொல்லி நன்னீர் முத்தைக் கொடுத்துவிட்டார்கள்

நூல் அறுந்ததால்தான் விஷயமே தெரிந்தது. இல்லையென்றால் இன்னும் பல வருடம் "ஜப்பான் அகோயா மாலை" என்று பெருமையாகப் போட்டுக்கொண்டு திரிந்திருப்பேன். அகோயா என்பது கடல் சிப்பிக்குள் வளர்க்கும் முத்து வகை, நன்னீர் முத்தைவிட விலை அதிகம்.

திரும்பக் கோக்கக் கொடுத்த இடத்தில் ஒரு பெரியவர். ஒரு முத்தை எடுத்துத் துளையை லென்ஸில் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். நாலைந்து பார்த்துவிட்டு, "என்ன முத்துன்னு சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார். அகோயா என்றேன். "இது நன்னீர் முத்தும்மா. நல்ல முத்துதான், ஆனா அகோயா இல்லை" என்று சொல்லி லென்ஸை என்னிடமே நீட்டினார்.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ். முதலில் அவரிடம் இருந்த அகோயா ஒன்றைக் காட்டினார். துளையின் வாயோரம் முட்டை ஓடு மாதிரி ஒரு மெல்லிய படலம், அதற்கடியில் பழுப்பாக ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி வெள்ளையில் ஒரு மணி. அந்த மணி மட்டி ஓட்டில் கடைந்தெடுத்தது. அதைக் கடல் சிப்பிக்குள் வைத்தால், சிப்பி அதன்மேல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசிக் கொடுக்கும். என் முத்தின் துளையில் கோடும் இல்லை, மணியும் இல்லை. ஓரத்திலிருந்து உள்வரை ஒரே பொருள், வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக. சீனாவில் வளர்க்கும் நன்னீர் முத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மணி கிடையாது. இன்னொரு மட்டியின் சதையில் சின்னத் துண்டை வெட்டி வைப்பார்கள், அவ்வளவுதான். ஒரே மட்டியில் முப்பது, நாற்பது முத்துகூட எடுத்துவிடலாம். அகோயா சிப்பியிலோ ஒன்றோ இரண்டோதான். விலை ஏன் அப்படி வித்தியாசப்படுகிறது என்று இப்போது புரிகிறதா?

வாங்கும்போது நான் சோதிக்காமல் இல்லை. எல்லோரும் சொல்வதுபோல் முன்பல்லில் உரசிப் பார்த்தேன், நறநறவென்று இருந்தது. சந்தோஷப்பட்டுவிட்டேன். அந்தச் சோதனை பிளாஸ்டிக், கண்ணாடி போலிகளைப் பிடிக்கத்தான் உதவும். நன்னீர் முத்தும் நறநறக்கும், அகோயாவும் நறநறக்கும். போதாததற்கு விற்றவர் வரலாற்றுப் பாடமே எடுத்தார்: 1893-இல் மிகிமோட்டோ கோகிச்சி என்பவர் முத்தை வளர்த்துக் காட்டினார், அதே வகை இது என்று. (அவருக்கு அந்த வருடம் கிடைத்தது அரைக்கோள முத்து. முழு உருண்டை வர மேலும் பல வருடம் ஆனது. அதைச் சொல்லவில்லை.)

வீட்டுக்கு வந்து பில்லை எடுத்துப் பார்த்தபோதுதான் நிஜமாகவே கோபம் வந்தது. "அசல் வளர்ப்பு முத்து, ஏஏஏ தரம்". அகோயா என்ற சொல் எங்கேயும் இல்லை. பேச்சில் மட்டும் இருந்தது. நன்னீர் முத்தும் அசல் வளர்ப்பு முத்துதானே, அதனால் பில்லில் ஒரு பொய்கூட இல்லை. ஏஏஏ என்பதற்கு உலகப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது, விற்கிறவர் வைப்பதுதான் தரம்.

முத்துகளைத் தனித்தனியாகக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் லேசாக ஆடி ஆடி ஒரு பக்கம் ஒதுங்கின. மணி வைத்த அகோயா பெரும்பாலும் நேராக ஓடும். ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள், நல்ல நன்னீர் முத்து இப்போது கச்சிதமான உருண்டையாகவே வருகிறது, பளபளப்பிலும் அகோயாவை நெருங்குகிறது. மணி வைத்து வளர்க்கும் நன்னீர் முத்தும் வந்துவிட்டது, ஆகவே துளையில் மணி தெரிந்தாலே கடல் முத்து என்றும் சொல்லிவிட முடியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் ஆய்வகம்தான். நன்னீர் முத்தில் மாங்கனீசு அதிகம், எக்ஸ்ரே பட்டால் ஒளிரும், அதை வைத்துப் பிரித்துவிடுவார்கள்.

கறுப்பு முத்து வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலில் இயற்கையாகவே கறுப்பாக வளரும் தஹிதி முத்து என்று சொல்லி, சாயம் ஏற்றிய நன்னீர் முத்தைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. துளையைச் சுற்றியும் சின்னச் சின்னக் குழிகளிலும் நிறம் அடர்ந்து தேங்கியிருந்தால், மாலை முழுக்க ஒரே கறுப்பாக இருந்தால், வாங்காதீர்கள். இயற்கை நிறம் என்றால் ஒன்றில் பச்சை ஓடும், ஒன்றில் கத்தரிப்பூ ஓடும்.

என்ன வகை, கடல்நீரா நன்னீரா, சாயம் உண்டா, இந்த மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

துளையைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில்: "அகோயா ஸ்டைல் என்றுதானே சொன்னோம் மேடம்." பணம் திரும்பி வரவில்லை. அவர்களுடைய விற்பனைப் பக்கத்தில் தலைப்பு இன்னும் "அகோயா" என்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற பொடி எழுத்தில், "ஸ்டைல்" என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.