தொம்சனா, மில்லிக்கனா?

வெள்ளவத்தையில் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு முடிந்து, காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கிளம்பும் வாதம்: இலத்திரனைக் காட்டித் தந்ததில் யாருடைய பரிசோதனை பெரிது, ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் ஜே. ஜே. தொம்சனுடையதா, அமெரிக்கர் ரொபேர்ட் மில்லிக்கனுடையதா?

என் வாக்கு தொம்சனுக்கு. வாயு வெளியேற்றிய கண்ணாடிக் குழாயில் கதோட்டிலிருந்து, அதாவது எதிர் மின்வாயிலிருந்து, கிளம்புவது கதோட்டுக் கதிர். அதை மின்புலத்தால் வளைக்கப் பார்த்து ஜேர்மன் பௌதிகவியலாளர் ஹேர்ட்ஸ் தோற்றிருந்தார். குழாயில் மிஞ்சிய வாயு கெடுத்துவிட்டது. 1897இல் கேம்பிரிட்ஜில் தொம்சன் வாயுவை இன்னும் நன்றாக வெளியேற்றினார், கதிர் வளைந்தது. மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் சமப்படுத்தி வேகத்தைக் கண்டார். அப்புறம் ஏற்றத்துக்கும் திணிவுக்குமான விகிதம். அது ஐதரசன் அயனுடையதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்! வாயுவை மாற்றினாலும், கதோட்டின் உலோகத்தை மாற்றினாலும் ஏறக்குறைய அதே விடை. அப்படியென்றால் எல்லா அணுக்களிலும் இருக்கும் ஏதோ ஒரு துணிக்கை.

சரி, ஆனால் கிடைத்தது வெறும் விகிதம்தானே? அங்கேதான் மில்லிக்கன் ஆட்கள் குரலை உயர்த்துவார்கள். 1909இல் சிக்காகோவில் தொடங்கிய வேலை: ஏற்றம் பெற்ற எண்ணெய்த் துளியை இரு தட்டுகளுக்கிடையே விழவிட்டு, மின்புலத்தால் மேலே இழுத்து, வேகத்தை அளப்பது. ஒவ்வொரு துளியின் ஏற்றமும் ஒரே சிற்றளவின் முழு எண் மடங்கு. அந்தச் சிற்றளவுதான் ஓர் இலத்திரனின் ஏற்றம். 1913இல் அவர் தந்த பெறுமானம் இன்றைய 1.602 × 10⁻¹⁹ கூலோமைவிடச் சற்றுக் குறைவு. அவர் கணக்கில் எடுத்த காற்றின் பிசுக்குமை, அதாவது துளியின் அசைவைக் காற்று தடுக்கும் தன்மை, பிழைத்ததே காரணம்.

தொம்சனின் விகிதம், மில்லிக்கனின் ஏற்றம் இரண்டையும் சேர்த்தால்தான் இலத்திரனின் திணிவு வரும்: 9.1 × 10⁻³¹ கிலோகிராம். ஆனாலும் நான் தொம்சன் பக்கம்தான்.