நோன்பு நாள்களில் வாசலின்: ஒரு மதிப்பீடு

ரமலான் பிறந்தாலே முகப்பூச்சு விளம்பரங்கள் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. ஆனால் நம் ஊரில் நோன்பு வைப்பவரின் தோலுக்கு வரும் தொல்லைகள் பெரும்பாலும் இரண்டுதான். வெயிலில் ஏறத்தாழ 13 மணி நேரம் ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் இருப்பதால் உதடு காய்ந்து உரிகிறது. ஐவேளைத் தொழுகைக்கும் போர் தண்ணீரில் ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுதல்) செய்து செய்து கையும் காலும் வெளுத்துப் போகின்றன. இவ்விரண்டுக்கும், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் வாசலின் ஒரிஜினல் என்ற மணமற்ற பெட்ரோலியம் ஜெல்லி எவ்வளவு தூரம் உதவும் என்பதைப் பார்க்கலாம்.

உதட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. உடம்பின் மற்றத் தோலில் இருப்பதுபோல் உதட்டில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. அதனால்தான் அது முதலில் காய்கிறது, காய்ந்ததும் நாக்கு தானாகவே அங்கே போகிறது, அந்த எச்சில் ஆவியாகும்போது முன்பிருந்த ஈரத்தையும் கொண்டுபோய்விடுகிறது. பெட்ரோலியம் ஜெல்லி ஈரத்தைத் தருவதில்லை, இருக்கும் ஈரத்தைப் போகவிடாமல் மூடி வைக்கிறது. ஆகவே பூசும் நேரம்தான் முக்கியம். விடியலுக்கு முந்தைய சஹர் உணவை முடித்து, சுப்ஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்கு ஒளு செய்து, உதட்டில் ஈரம் இன்னும் இருக்கும்போதே ஒரு பயறளவு எடுத்து, நடுவிலிருந்து ஓரங்களுக்கு இழுத்துப் பூசினால் முற்பகல் வரை தாங்குகிறது. பகலில் காய்ந்து போன உதட்டில் பூசினால் பளபளப்பு மட்டுமே மிஞ்சும்.

இதற்குச் சுவையோ மணமோ இல்லாதது நோன்பாளிக்கு இன்னொரு வசதி. உதட்டின் மேல் பூசுவதால் நோன்பு முறியாது, தெரிந்தே விழுங்கினால்தான் முறியும் என்பதே ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பொதுவாகத் தரும் விளக்கம். ஆயினும் ஸ்ட்ராபெர்ரிச் சுவையில் வரும் பூச்சுகளைப் போட்டுக்கொண்டு நாக்கை அடக்குவது எளிதன்று. புதினா மணத்துடன் குளிர்ச்சி தரும் வகை ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். வெடித்த இடத்தில் எரிச்சல் கூடியதுதான் கண்ட பலன், ஏனெனில் மென்தாலும் கற்பூரமும் காய்ந்த உதட்டை உறுத்தக்கூடியவை. 1872இல் வாசலினுக்குக் காப்புரிமை பெற்ற ராபர்ட் செஸ்பரோ தினமும் ஒரு கரண்டி அதைத் தின்றதாகச் சொல்வார்கள். நோன்பு இல்லாத நாளிலும் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை.

குறையும் உண்டு. ஒளுவின் தண்ணீர் தோலைத் தொட வேண்டும் என்பதால், கனமாகப் பூசியிருந்தால் முதலில் துணியால் துடைத்தாக வேண்டும். வாயை மூடும்போது வெளியே தெரியும் உதடும் முகத்தில் சேர்ந்ததே. கைகளுக்குப் பகலில் இதைப் பூசித் துடைத்துக்கொண்டிருப்பது வீண் வேலை. அங்கே கிளிசரின் கலந்த சாதாரண லோஷனை ஒவ்வோர் ஒளுவுக்குப் பின்னும் பூசிக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். தராவீஹ் என்னும் ரமலான் இரவுத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய பிறகு மீண்டும் வாசலினுக்கு வேலை வருகிறது: வெறுங்காலோடு நெடுநேரம் நின்ற குதிகால்களை வெதுவெதுப்பான நீரில் கழுவி, முழுக்கத் துடைக்காமல், பித்தவெடிப்பின் பிளவுகளுக்குள் இறங்கும்படி தேய்த்துப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுத்தால், சஹருக்கு எழும்போது ஓரங்கள் மெத்தென்றிருக்கின்றன.

முகம் முழுவதும் பூச இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சென்னை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அது பிசுபிசுக்கும், தூசியையும் பிடித்துவைக்கும். எண்ணெய் வழியும் முகமோ பருத் தொல்லையோ உள்ளவர்கள் அறவே தவிர்க்கலாம். வெயிலைத் தடுக்கும் ஆற்றலும் இதற்கு இல்லை என்பதால், லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு வெளியே நடந்து போகிறவர்களுக்குச் சன்ஸ்கிரீன் தனியாக வேண்டும். வாங்கும்போது வாசனை சேர்த்த வகைகளை விட்டு ஒரிஜினலையே கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்துக்குச் சிறிய டப்பாவே தாராளம்.