சன்ஸ்கிரீனா, ஜிங்க் பூச்சா, முழுக்கைச் சட்டையா: பவளப்பாறைகளைக் கெடுக்காத வெயில்காப்பு எது?

புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நின்று, நட்டு வைத்த கழியின் நிழலைக்கூட விழுங்கிவிடுகிறது. மேகமற்ற அந்த நாள்களில் புறஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது வழக்கம்; உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுவே உச்ச நிலை. ஆகவே சுண்ணாம்பாறு தாண்டிப் பாரடைஸ் கடற்கரையில் குளிப்பவருக்கும், தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் பிள்ளைகளோடு நாள் முழுவதும் இருப்பவருக்கும் வெயில்காப்பு வேண்டியதே. எந்தக் காப்பு என்பதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புதுச்சேரி, கடலூர்க் கரையோரம் பெரும்பாலும் மணற்பாங்கானது. மன்னார் வளைகுடாவில் உள்ளதைப் போன்ற பவளத்திட்டுகள் இங்கே கரையை ஒட்டிக் கிடையா. (புதுச்சேரித் தலைமைச் செயலகத்தின் எதிரே கடலில் அமிழ்த்தியிருப்பதைச் 'செயற்கை ரீஃப்' என்கிறார்கள், அது மணலைத் தேக்குவதற்காக வைத்த இரும்புக் கட்டமைப்பு.) ஆனாலும் இங்கே வாங்கிய டியூப்தான் விடுமுறையில் ராமேஸ்வரத்துக்கும் அந்தமானுக்கும் பையில் போகிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளங்கள் 2010-லும் 2016-லும் கடல் சூடேறியதால் வெளிறிப்போனவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்போவதன் கனம் புரியும்.

முதலாவது, கடைகளில் எளிதாகக் கிடைக்கும் வேதி வடிகட்டி சன்ஸ்கிரீன், அதாவது புறஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் கலந்தது. தோலில் வெள்ளையாகப் படியாது, விலையும் பெரும்பாலும் குறைவு, பூசுவதும் சுலபம். இவற்றில் சிலவற்றில் உள்ள ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகிய இரண்டும் பவளத்தைக் கெடுக்கின்றன என்பதுதான் முதன்மையான குற்றச்சாட்டு. இவ்விரண்டும் கலந்தவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பதை ஹவாய் 2021 ஜனவரி முதல் தடை செய்தது. பலாவ் நாடு அதற்கு ஓராண்டு முன்பே ஆக்டோகிரிலீன் உள்ளிட்ட மேலும் சில பொருள்களையும் சேர்த்துத் தடுத்தது. தாய்லாந்து 2021-இல் தன் கடல்சார் தேசியப் பூங்காக்களில் இத்தகைய தடையைக் கொண்டுவந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-இல் கண்டறிந்த செயல்முறை விந்தையானது: பவளத்துக்கு உறவான கடற்சாமந்தி என்ற கடலுயிர் தன் உடலுக்குள் புகும் ஆக்சிபென்சோனோடு சர்க்கரை மூலக்கூறு ஒன்றை ஒட்டவைக்கிறது, அப்படி மாறிய பொருளோ வெயில் பட்டதும் நஞ்சாகிறது. உள்ளே வாழும் பாசிகள் அந்த நஞ்சில் பெரும்பகுதியைத் தம்மிடம் அடக்கிக்கொள்வதால், பாசியை இழந்து வெளிறிய உயிர்களே விரைவாக மடிகின்றன. பவளமும் இதே வழியில் ஆக்சிபென்சோனை மாற்றுவதாக அவர்கள் காட்டினார்கள். ஆய்வகத்தில் பயன்படுத்தும் அளவு பெரும்பாலான கடற்பகுதிகளில் இருப்பதைவிட அதிகம் என்ற மறுப்பும் நியாயமானதே. பவளத்தின் முதல் எதிரி கடல் சூடேறுவதுதான், சன்ஸ்கிரீன் அன்று. ஆனால் சூட்டால் ஏற்கெனவே நலிந்த பவளத்தின் மேல் இதையும் சேர்ப்பானேன் என்பது என் நிலை.

இரண்டாவது, ஜிங்க் ஆக்சைடு பூச்சு. புறஊதாக் கதிரின் இரு வகைகளையும் (யுவிஏ, யுவிபி) இது ஒன்றே தடுக்கிறது. இதைப் போன்ற இன்னொரு கனிமப் பொருளான டைட்டானியம் டையாக்சைடு நீண்ட அலைநீளப் பகுதியில் சற்றுப் பின்தங்கும். குறை என்னவென்றால் மாநிறத் தோலில் சாம்பல் பூசியதுபோல் தெரியும். இரும்பு ஆக்சைடு கலந்து நிறமேற்றிய வகை இந்தக் குறையைப் போக்குவதோடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுப்பதால், முகத்தில் மங்கு உள்ளவர்களுக்குக் கூடுதல் பயன் தரும். ஜிங்க் என்பதாலேயே கடலுக்கு முற்றிலும் தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது: நுண்துகள்களிலிருந்து ஜிங்க் அயனிகள் நீரில் கரைகின்றன, அவையும் மிகுந்தால் கேடே. 'நானோ அல்லாதது' என்று அச்சிட்டதைத் தேர்ந்தெடுப்பது ஓரளவு உதவும். முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் 'ரீஃப் சேஃப்' (பவளப்பாறைக்குத் தீங்கற்றது) என்ற வாசகத்தை நான் பொருட்படுத்துவதில்லை. அதற்கு எல்லோரும் ஏற்ற வரையறை கிடையாது. பின்பக்கப் பொருள் பட்டியலில் ஆக்சிபென்சோன் 'பென்சோஃபீனோன்-3' என்றும், ஆக்டினாக்ஸேட் 'எதில்ஹெக்சைல் மெத்தாக்ஸிசின்னமேட்' என்றும் ஒளிந்திருக்கும். ஸ்பிரே வகையில் பாதி காற்றோடு போய் மணலில் விழுவதால், அது எந்தக் கலவையானாலும் வேண்டாம்.

மூன்றாவது துணி. தேவனாம்பட்டினத்து மீனவர்கள் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாகக் கடலுக்குப் போவதில் உள்ள அறிவை எந்த டியூபும் மிஞ்சவில்லை. யுபிஎஃப் (துணியின் புறஊதாக் காப்பு அளவு) 50 என்று குறித்த நீச்சல் சட்டை வழியே புறஊதாக் கதிரில் 2 விழுக்காடுதான் ஊடுருவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசும் தொல்லையும் இல்லை. ஆனால் மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-சர்ட் இதற்கு ஈடாகாது, நனைந்தால் அதன் காப்பு இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த அடர்நிறப் பாலியெஸ்டர் அல்லது நைலான் வேண்டும். துவைக்கும்போது அது நுண்ணிழைகளை உதிர்க்கும் என்பதை மறைப்பதற்கில்லை.

கணக்கைப் பார்த்தாலும் துணியே முந்துகிறது. சன்ஸ்கிரீனின் எஸ்பிஎஃப் எண்ணைச் சோதிப்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில். அந்த அளவில் வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதற்கும் ஒரு தடவைக்கு 30 கிராமுக்கு மேல் தேவைப்படும், அதாவது 50 கிராம் டியூப் இரண்டு தடவைக்குக்கூட வராது. முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை கால்சட்டையும் அணிந்துவிட்டால் முகம், கழுத்து, கைகள், பாதங்கள் ஆகியவற்றுக்கு ஏழெட்டுக் கிராமே போதும். கடலில் கலப்பதும் அந்த விகிதத்தில் குறைகிறது, பணமும் மிஞ்சுகிறது. ஆகையால் என் தேர்வு துணி முதலில், அது மூடாத இடங்களுக்கு நிறமேற்றிய ஜிங்க் பூச்சு. நடைப்பயிற்சிக்கு மட்டும் கடற்கரைச் சாலைக்குப் போகிறவர், ஹவாயில் தடை செய்யப்பட்ட அந்த இரண்டும் இல்லாத சாதாரண சன்ஸ்கிரீனையே பயன்படுத்தலாம். என்றாலும் வீட்டில் கழுவுவது சாக்கடை வழியே ஓரளவேனும் கடலைச் சேரும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எதையும் பூசாமல், துணியும் நிழலும் மட்டுமே போதும் என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.