ரோபோ உதவியுடன் பைபாஸ்: தந்தையின் சிகிச்சைக்குப் பின் ஒரு மதிப்பீடு

இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் எல்.ஏ.டி. தமனியின் தொடக்கத்திலேயே என் தந்தைக்குப் பெரிய அடைப்பு இருப்பது ஆஞ்சியோவில் தெரியவந்தது. சுண்ணாம்பு படிந்த நீண்ட அடைப்பு என்பதால், ஸ்டென்டைவிட பைபாஸ்தான் நெடுநாள் தாங்கும் என்று மருத்துவர்கள் கூறினர். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரோபோ உதவியுடன் அதைச் செய்துகொண்டோம். இதே முடிவை எடுக்க வேண்டிய குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ரோபோ தானாக எதையும் வெட்டுவதோ தைப்பதோ இல்லை. அறுவை அரங்கின் ஒரு மூலையில் உள்ள இருக்கையில் அமர்ந்து, முப்பரிமாணத்தில் பெரிதாகத் தெரியும் காட்சியைப் பார்த்தபடி, மருத்துவர் தம் விரல்களால் அதன் கரங்களை இயக்குகிறார். நோயாளியின் அருகில் இன்னொரு மருத்துவர் நிற்கிறார். இடது நுரையீரலைச் சுருங்க வைத்துவிட்டு, விலா இடுக்குகளில் ஏறத்தாழ 8 மி.மீ. அளவில் இடப்படும் மூன்று துளைகள் வழியாக, மார்புச் சுவரின் உட்புறம் ஓடும் லிமா என்ற தமனியை அதன் முழு நீளத்துக்கும் பிரித்தெடுக்கிறார்கள். ரோபோவின் பெரும்பங்கு இதுதான். பிறகு இடது மார்புக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு கீறலிட்டு, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தில் தைக்க வேண்டிய இடத்தை மட்டும் ஒரு கருவியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, லிமாவை, அடைப்பைத் தாண்டிய இடத்தில், எல்.ஏ.டி.யுடன் கையாலேயே தைத்து இணைக்கிறார்கள். தையலையும் ரோபோவாலேயே செய்து முடிக்கும் முறை 1998-லேயே ஐரோப்பாவில் தொடங்கிவிட்டது என்றாலும், அதைச் செய்யும் மையங்கள் இன்றும் குறைவு.

அப்படியானால் ரோபோவுக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது தகுமா? எங்கள் அனுபவத்தில் தகும். ரோபோ இல்லாமலும் இதே சிறு கீறல் வழியாக லிமாவை எடுக்கலாம். ஆனால் அதன் மேல்பகுதியை எட்டுவதற்கு விலா எலும்புகளைப் பலமாக விரிக்க வேண்டியிருக்கும், வலியும் அதற்கேற்பக் கூடும். அதே சமயம், இணைப்பின் ஆயுள் ரோபோவால் கூடிவிடுவதில்லை. லிமா இணைப்புகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் திறந்தே இருப்பது வழக்கமான திறந்த அறுவையிலேயே நிரூபணமானது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம், மார்பெலும்பைப் பிளக்காமல் அந்தப் பலனைப் பெறுவதற்காகவே.

திறந்த அறுவையில் பிளக்கப்படும் மார்பெலும்பு மீண்டும் ஒன்றுசேர ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை பளு தூக்கக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது. அப்பாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்ததுமே தாமாக எழுந்து கழிப்பறைக்குச் சென்றார். ஆனால் வலியே இருக்காது என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். விலா இடுக்கு நரம்பின் எரிச்சல் முதல் வாரத்தில் கடுமையாக இருந்தது; இருமல் வரும்போதெல்லாம் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டார், மூன்று பந்துகள் உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியில் இரண்டாவது பந்தை எழுப்பவே திணறினார்.

மருத்துவமனைமீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ரத்தக்கசிவோ வேறு சிக்கலோ ஏற்பட்டால் இடையிலேயே மார்பைத் திறக்க நேரிடலாம் என்பதை, அறுவைக்கு முந்தைய இரவு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போதுதான் சொன்னார்கள். முதல் ஆலோசனையிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டிய செய்தி அது. அறுவை செய்த மருத்துவரோ நாங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஆஞ்சியோ படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார்; அந்தப் பொறுமைக்காகவே அவரிடம் மீண்டும் செல்வேன்.

இந்த முறை எல்லோருக்கும் ஏற்றதல்ல. கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர்கள், இடது மார்பில் முன்பே அறுவை செய்துகொண்டவர்கள், அவசர நிலையில் வருபவர்கள் ஆகியோருக்குப் பொதுவாகத் திறந்த அறுவையே பாதுகாப்பானது. மற்ற தமனிகளிலும் அடைப்பு இருந்தால், எல்.ஏ.டி.க்கு மட்டும் இம்முறையில் பைபாஸ் செய்து, ஏனையவற்றுக்கு ஸ்டென்ட் வைக்கும் கூட்டுமுறையும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவர் ரோபோவைக் கொண்டு இதய அறுவையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், அவர்களில் எத்தனை பேருக்கு மார்பைத் திறக்க நேர்ந்தது என்பதையும் தயங்காமல் கேட்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, ரோபோ கரங்களின் கருவிகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பயன்படுத்த முடியாது என்பதால் அதற்கான கட்டணம் பில்லில் தனியாக ஏறுகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ரோபோ அறுவையைக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாது என்றது. ஆனால் நிறுவனங்கள் அதற்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ள அது இடம் தந்தது. உங்கள் பாலிசியில் அப்படி வரம்பு உண்டா, எவ்வளவு என்பதை, அனுமதிக்கப்படும் நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.