படமாக்க எந்தக் கதை முதலில்? நான்கு பெண்ணிய அறிவியல் புனைகதைகள்

பெண்ணிய அறிவியல் புனைவிலிருந்து ஒரே ஒரு கதையைப் படமாக்கலாம், எதை எடுப்பது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிக்காமல் உர்சுலா லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969) என்பார்கள். நானும் பல வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மனசு மாறிவிட்டது.

அந்த நாவலின் பெருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெத்தன் என்ற பனிக்கோளில் யாரும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை; மாதத்தில் சில நாள் கெம்மர் என்ற பருவம் வரும்போது மட்டும் ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார், இந்த முறை எது என்பது முன்கூட்டி அவருக்கே தெரியாது. லெ குவின் இவர்களை ஆங்கிலத்தில் 'ஹி' (அவன்) என்றே எழுதிப் பலமாக வாங்கிக் கட்டிக்கொண்டார். தமிழில் 'அவர்' இருப்பதால் மொழிபெயர்ப்பவருக்கு அந்தத் தலைவலி பாதிதான். ஆனால் சினிமாவை எந்தச் சொல்லும் காப்பாற்றாது. அந்தக் கோளைச் சேர்ந்த முக்கியப் பாத்திரமான எஸ்ட்ரவெனாக ஒரு நடிகர் வந்து நின்ற மறுநொடியே பார்ப்பவர்கள் ஆணா பெண்ணா என்று முடிவு கட்டிவிடுவார்கள், அப்புறம் அதை அழிக்க முடியாது. பனிப்பாலையில் எஸ்ட்ரவெனும் பூமியிலிருந்து வந்த தூதரும் இரண்டே பேராகச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு போகும் பகுதியும், கூடாரத்துக்குள் எஸ்ட்ரவெனுக்குக் கெம்மர் வரும் இரவும் படமாக வேண்டியவைதான். அங்கே போய்ச் சேர்வதற்குள் இரண்டு நாடுகளின் அரசியலைக் கடந்தாக வேண்டுமே, இரண்டரை மணி நேரத்தில் அது நடக்காது. தொடராக எடுக்கலாம் என்றால் அதிலும் ஆபத்து இருக்கிறது: ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' 2022-இல் தொடராக வந்து, எட்டே பகுதிகளோடு, கதை முடியும் முன்பே நின்றுபோனது.

'தி கேர்ள் ஹூ வாஸ் ப்ளக்டு இன்' (1973) இதற்கு நேர் எதிர், கையில் கொடுத்தால் இன்றைக்கே படப்பிடிப்புக்குப் போய்விடலாம். எழுதியவர் ஜேம்ஸ் டிப்ட்ரி ஜூனியர், அதாவது ஆண் பெயரில் எழுதிய அலிஸ் ஷெல்டன். விளம்பரம் தடைசெய்யப்பட்ட எதிர்காலத்தில், தற்கொலைக்கு முயன்ற பி. பர்க் என்ற பெண்ணை ஒரு நிறுவனம் எடுத்துப்போய் அறைக்குள் அடைக்கிறது. அங்கிருந்தபடி அவள் டெல்ஃபி என்ற அழகான உடலை இயக்க வேண்டும். டெல்ஃபி பொருள்களை ஊரறியப் பயன்படுத்தினால் போதும், விற்பனை தானாக நடக்கும். இன்ஃப்ளூயன்சர் என்ற பிழைப்பே இல்லாத காலத்தில் இதை எழுதியிருக்கிறார்! எனக்கு இருக்கும் பயம் ஒன்றுதான். கேமரா டெல்ஃபியைத்தான் காதலிக்கும். பர்க் கம்பிகள் தொங்கும் பயங்கரமாக இரண்டு காட்சியில் வந்துபோவாள், கதை எதைக் கண்டு கொதிக்கிறதோ அதையே படமும் செய்துவிடும். பர்க்கின் முகத்தோடு கடைசிவரை உட்கார்ந்திருக்கும் துணிச்சல் உள்ள இயக்குநர் கிடைத்தால் நான் எதிர்க்க மாட்டேன்.

ஜோன்னா ரஸ்ஸின் 'வென் இட் சேஞ்ச்டு' (1972) அறிவியல் புனைவுக்கான நெபுலா விருது வாங்கிய சிறுகதை. கொள்ளைநோயில் ஆண்கள் எல்லாரும் செத்துப் பல தலைமுறை ஆன வைல்அவே கோளுக்குப் பூமியிலிருந்து ஆண்கள் வந்து இறங்கி, மனிதர்கள் எல்லாம் எங்கே என்று கேட்கிறார்கள். எதிரே நிற்கும் பெண்கள் அவர்களுக்கு மனிதர்களாகவே படவில்லை! அந்த ஒரு கேள்வியில் கதை முழுவதும் இருக்கிறது. அதனாலேயே முழுநீளப் படமாக இழுத்தால் நீர்த்துவிடும். இருபது நிமிடக் குறும்படம், அவ்வளவுதான்.

என் ஓட்டு பட்லரின் 'ப்ளட்சைல்ட்' (1984) கதைக்கு. ஒரு வீடு, ஓர் இரவு, ஒரு பையன் எடுக்க வேண்டிய ஒரு முடிவு. பூமியை விட்டு ஓடிவந்த மனிதர்களுக்கு இடம் கொடுத்த ட்லிக் இனம், வாடகையாகக் கேட்பது அவர்களுடைய உடலை: ட்லிக்குகளின் முட்டைகளை மனிதர்கள், பெரும்பாலும் ஆண்கள், வயிற்றில் சுமக்க வேண்டும். கான் என்ற பையன் பிறந்ததிலிருந்தே டிகட்டோய் என்ற ட்லிக்குக்கு நேர்ந்துவிடப்பட்டவன், அவளுடைய கால்களின் அணைப்பில் வளர்ந்தவன். அன்றிரவு வெளியே ஒருவர் விழுந்து கிடக்கிறார், அவர் வயிற்றுக்குள் குஞ்சுகள் பொரிந்துவிட்டன, காத்திருக்க நேரமில்லை. அவர் நினைவோடு இருக்கும்போதே டிகட்டோய் வயிற்றைக் கிழித்துப் புழுக்களை ஒவ்வொன்றாக எடுப்பதைக் கான் பக்கத்தில் நின்று பார்க்கிறான். பிரசவம் என்பதைப் பூவும் புன்னகையுமாகவே காட்டிப் பழகிய சினிமாவில் இந்த ஒரு காட்சி போதும், ஆண்கள் இருக்கையில் நெளிவார்கள். பட்லரே இதைக் கர்ப்பமான ஆணின் கதை என்றார், கூடவே காதல் கதை என்றும் சொன்னார்.

அந்தக் காதல்தான் படத்துக்குப் பெரிய சோதனை. டிகட்டோய் பல கால்களும் கொடுக்கும் கொண்ட பெரிய பூரான் மாதிரியான உயிர். அவளை அரக்கியாக்கினால் படம் அங்கேயே செத்தது. கணினியில் வரைவதைவிட, நடிகர் சாய்ந்துகொள்ளக்கூடிய நிஜமான பொம்மையாகச் செய்து, குரலுக்கு அன்பான ஒருவரைப் பிடிப்பது மேல். ஏனென்றால் கான் முட்டைகளைச் சுமக்கச் சம்மதிப்பது, அவன் மறுத்தால் அந்தச் சுமை போய்ச் சேரும் அக்காவைக் காப்பாற்ற மட்டும் இல்லை, டிகட்டோயை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசில்லை. சம்மதிக்கும் முன்பு ஒன்று கேட்கிறான்: வீட்டில் ஒளித்து வைத்திருக்கும் துப்பாக்கி, மனிதர்கள் வைத்திருக்கவே கூடாதது, அது இங்கேயே இருக்கட்டும் என்கிறான். அவள் பயந்தபடியே அதை விட்டுவைக்கிறாள்.