தூணா, தளமா: அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான் கட்டிய மரவீடு

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் டுரியான் மரங்களுக்கு நடுவே, குடும்ப நிலத்தில் 600 சதுர அடிக்கு மரவீடு கட்டி நான்கு வருடமாகிறது. எந்த மரம் என்பதில் பெரிய சண்டையில்லை. தூணுக்குச் செங்கால் என்ற கடினமரம், சுவருக்குக் கரையான் மருந்தேற்றிய மெராந்தி என்ற சாதா மரம், கையிலிருந்த பணத்துக்கு அவ்வளவுதான். சண்டையெல்லாம் தரையில்தான்: மலாய்க் கிராமத்துக் கம்பத்து வீடு மாதிரி தூண்மேல் நிறுத்துவதா, சிமெண்டுத் தளம் போடுவதா.

அம்மா தளத்துக் கட்சி. முட்டிவலி. படி கிடையாது, துடைப்பது சுலபம், கட்டடக் குத்தகையாளர் சொன்ன விலையும் குறைவு.

நான் தூண் பக்கம் சாய்ந்ததற்கு ஒரே காரணம் கரையான். 1 மில்லிமீட்டர் விரிசல் கிடைத்தால் போதும், தளத்தைத் தாண்டி நேராகச் சுவர்க்கட்டைக்குள் ஏறிவிடும். தட்டிப் பார்த்து உள்ளே பொள்ளல் என்று நமக்குத் தெரியும்போது பாதி கட்டை போயிருக்கும். தளத்துக்கடியில் தெளித்த மருந்துக்கு வருடம் போகப் போக வீரியம் குறையும், மறுபடி போடத் தரையைத் துளைக்க வேண்டும், ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்கு அது தேவையா? தூண்மேல் நிற்கும் வீட்டில் கரையான் வெளியே மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறியாக வேண்டும். அப்பா மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறார். இதுவரை இரண்டு தடவை அந்த மண்கோடு தெரிந்தது, கலைக்காமல் விட்டு மருந்தடிப்பவரைக் கூப்பிட்டோம். செங்காலைக் கரையான் தொடாது என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், தூணை விட்டுவிட்டு அதன்மேலேயே ஏறி மெராந்திக்குப் போகும்.

சரி, அம்மாவின் முட்டி? சாய்பாதைக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். எங்கள் தூண் உயரம் இரண்டரை அடி, அதற்கு 30 அடி, வாசலில் எங்கே போவது! நல்லவேளை நிலம் சரிவு. வீட்டைக் கீழே இறக்கி, மேட்டுப் பக்கத்திலிருந்து ஆறடி மரப்பாலம் போட்டோம், வாசலில் ஒரு படிகூட இல்லை. சமநிலமாக இருந்திருந்தால் அம்மாதான் ஜெயித்திருப்பார்.

விற்றால் எது நல்ல விலை போகும் என்று என்னைக் கேட்காதீர்கள், விற்கும் எண்ணமில்லை. நான்கு வருடம் மரவீட்டுக்குச் சின்ன வயசு என்பதும் தெரிகிறது. அப்புறம், செப்டம்பர் அக்டோபர் மழையில் பாலத்தில் பாசி பிடித்து வழுக்குகிறது. இப்போதைக்குக் கோழிவலை அடித்து வைத்திருக்கிறேன், அதில் செருப்பு மாட்டுகிறது என்று அம்மா தினமும் திட்டுகிறார்.